குட்டைக் குழாய்

வெள்ளி, ஒக்டோபர் 2014

இன்று கராஜில் ஒரு பொய் சொன்னேன்.

பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் சுவிஸ்காரர் ஒருவர், அதன் எஞ்சினுக்குப் புதிய புகைக்குழாய்கள் போட வந்தார். நீளமானதா குட்டையானதா என்று முதலாளியை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். நீளமானதுதான் பொருத்தம். எஞ்சினின் இழுவைச் சக்தி கூடும், அவர் ஆசைப்பட்ட ஆழமான சத்தமும் வரும். ஆனால் அதைப் பூட்ட ஸ்டியரிங் தண்டைக் கழற்றி எஞ்சினைத் தூக்க வேண்டும். என் முதுகு இருக்கிற நிலையில் நினைக்கவே பயமாக இருந்தது.

"நீளமானதைப் போட்டால் வாகனச் சோதனையில் விடமாட்டார்கள்" என்றேன்.

அவர் முகம் வாடியது. பிறகு முதலாளியிடம், "வேறொருவர் என்றால் விலை கூடியதை என் தலையில் கட்டியிருப்பார். இவர் நேர்மையானவர்" என்றார். முதலாளி எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டிவிட்டு, குட்டைக் குழாய்க்கு ஓடர் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கூட வேலை செய்யும் சிவா கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, நீளமானதுக்கும் சோதனையில காட்டுற சேர்ட்டிபிக்கட் இருக்கெல்லோ?"

"நீ உன்ர வேலையைப் பார்."

இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"இஞ்சாருங்கோ, வேலையில ஏதும் பிரச்சினையோ?" என்று மனைவி கேட்டாள். சுவிஸ்காரரும் முதலாளியும் பாராட்டியதை மட்டும் சொன்னேன்.

இப்போது பக்கத்து அறையில் இருந்து ஊஸ்டர் நகரில் இருக்கும் தன் தங்கச்சியோடு போனில் கதைக்கிறாள்.

"ஓமடி, அந்தச் சுவிஸ்காரரே சொன்னவராம், இவர் நேர்மையான ஆளெண்டு."

போய் நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள்.