ஊசி தொட்ட இடம்

என் அருமை விஜிக்கு,

நீ அண்ணாவைக் கைப்பிடித்த அன்றே, இனி உன்னை மன்னி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே லேபில் வேலைக்குச் சேர்ந்து, உன்னை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். எனக்கா மன்னி? வீட்டில் மன்னி, ஆஸ்பத்திரியில் விஜி என்று சமாளித்தேன். இன்றைக்கு எந்தப் பேரைச் சொன்னாலும் நீ திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எனக்குப் பிடித்ததையே எழுதுகிறேன்.

அண்ணா சௌக்கியம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. பழவங்காடி வழியாக அவன் இப்போது வருவதே இல்லை. கிழக்கேகோட்டையில் குடியிருந்துகொண்டு பிள்ளையார் கோயில் முக்கைத் தவிர்ப்பது லேசான காரியமா? ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்கிறான். ஏன் என்று நான் கேட்பதில்லை.

அங்கேதானே அன்று அவன் தேங்காய் உடைத்தான்.

உன் கணையத்தில் கட்டி என்று ஒரு நாள் ஸ்கேன் சொன்னது. கணையம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்டை வழியே குழாயை இறக்கி, அதன் நுனியிலிருந்து ஊசி செலுத்தி, நூல் நுனியளவு சதை எடுத்தார்கள். அது நம் லேபுக்கே வந்தது. உன் ஸ்லைடை நீ பார்க்கக் கூடாது என்று நான் தடுத்தேன். "என் கணையம், என் ஸ்லைடு. பின்னே யாராக்கும் பாக்கணும்? நகருடி" என்று சொல்லி, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாய். பிடிவாதத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

ஒன்றைப்போல ஒன்றாக, சின்னச் சின்ன உருண்டைச் செல்கள். உட்கருவில் உப்பும் மிளகும் தூவிய மாதிரி பொடிப் புள்ளிகள். நீதான் கூவினாய்: "நெட் ஆக்கும், கேட்டியா! எத்தனை அழகா இருக்கு பாரேன்!"

நியூரோ எண்டோகிரைன் கட்டியை நாம் சுருக்கி வைத்த பெயர் அது. அபூர்வமான கட்டி. கணையத்தில் வரும் மற்றப் புற்றுபோல அவசரப்படாமல், பெரும்பாலும் ஆமை நடை நடக்கும் கட்டி. சிறப்புச் சாயங்களும் அதையே சொல்லின. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் சாயத்தில், பெருகுகிற செல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் தரம், மிக மெதுவான வகை. வெட்டி எடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் வாழலாம். அண்ணா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஆரியசாலைக் கடைத்தெருவில் வெல்லமும் பாயசத்துக்குப் போடும் அரிசி அடையும் வாங்கி வந்தான். நீயே அடுப்படியில் நின்று பிரதமன் கிளறினாய்.

ஊசியால் எடுத்த மாதிரிக்கான ரிப்போர்ட் ஒவ்வொன்றின் அடியிலும் நாம் ஒரு வரி எழுதுவோமே: 'இது சிறு மாதிரி, கட்டியின் முழுத் தன்மையை இது காட்டாமல் போகலாம்.' அந்த வரியை நம் லேபில் கட்டாயமாக்கியவளே நீ. விட்டுவிட்ட ஜூனியர்களை அழ வைத்திருக்கிறாய். உன் ரிப்போர்ட்டிலும் அது இருந்தது. நான் எழுதினேன், நீ வாசித்தாய். எழுதி எழுதிப் பழகிய வரி. நம் இருவர் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி முழுசாக என் மேஜைக்கு வந்தது. ஊசி தொட்ட பக்கம் சாதுவாகத்தான் இருந்தது. மறுபக்கத்தில் செல்கள் வெறிபிடித்துப் பெருகிக்கொண்டிருந்தன. அடுத்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள். அந்த ஊசியின் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு கொட்டுவது, விஜி? அது பொய் சொல்லவில்லையே. தொட்ட இடத்தை உள்ளபடி சொன்னது. இன்னொரு இடத்திலும் குத்தச் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் நீ இப்போது இருப்பாயோ?

கடைசியில் நீதான் என்னைத் தேற்றினாய். "நாம தப்பாப் பாக்கலைடி. பாத்த மட்டும் சரியாத்தான் பாத்தோம். அதாக்கும் சங்கடம்." அதைக் கேட்டு நான் அழுதேன். நீ என் சிவந்த மூக்கைப் பார்த்துச் சிரித்தாய்.

போன வாரம் அதே மாதிரிச் செல்கள் மறுபடி வந்தன. தென்காசியிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை பார்க்கும் ஒருவர். அவருக்கும் முதல் தரம். அடியில் அந்த வரியை எழுதினேன். லேபில் இருக்கும் நாம் நோயாளி முகத்தைப் பார்ப்பது ஏது? இந்த முறை நானே கீழே இறங்கிப் போனேன்.

"நல்ல சேதிதானம்மா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"நல்ல சேதிதான். ஆனா ஊசி ஒரு மூலையத்தான் பாத்திருக்கு. மத்த இடத்துல எப்படி இருக்குன்னு இன்னும் தெரியாது. இன்னொரு ஸ்கேன் எடுக்கணும், வேணும்னா மறுபடி குத்திப் பாக்கணும். விட்டுடாதீங்க" என்றேன்.

அவள் விடாமல் கேட்டாள்: "அப்போ இன்னைக்கு நாங்க சந்தோசப்படலாமா, கூடாதாம்மா?"

கரண்டியும் கையுமாக அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்த உன்னை நினைத்தேன். அந்த ஒரு நாள்கூட உனக்கு இல்லாமல் போயிருந்தால்? "தாராளமா சந்தோசப்படுங்க. ஸ்கேனுக்கு மட்டும் வந்துடுங்க" என்றேன். வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இனி அந்த வரியைத் தாளில் மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன், விஜி. ஒவ்வொருவரிடமும் நேரில் போய், வாய் திறந்து சொல்வேன். இது சத்தியம். உனக்குத்தான் அதை எடுத்துச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டது. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களே நாம் இரண்டு பேர்தானே.

முதலில் உன் தோழி, பிறகுதான்
உன் நாத்தனார்