சுக்கான் தூணுக்குள் இரண்டு கயிறு

என் சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். பயப்படாதே, திட்ட வரவில்லை. சரி, கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: உன் படகை உடைக்கச் சொல்லிவிட்டு வரத்தான் போன வாரம் லங்காவிக்கு ஃபெர்ரி ஏறினேன். வேறு யாராவது உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் அந்தப் படகைப் பற்றி நீ பேசாத நாள் இருந்ததில்லை. எவனோ வெள்ளைக்காரன் அங்கே படகு பழுதுபார்க்கும் யார்டில் விட்டுவிட்டுப் போன ஓட்டைப் பாய்மரப் படகு. அதே யார்டில் மெக்கானிக்காக இருந்த நீ அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்துக்கொண்டிருந்தாய். “பாடாங் செராய் தோட்டத்துல பொறந்த மூஞ்சிக்குப் பாய்மரப் படகு கேக்குதோ?” என்று போனில் கத்தினேன். நீ சிரித்தாய். பதிலுக்கு நீயும் கத்தியிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது. ஏன் சிரித்தாய்?

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து எட்டு மாதம் ஆகிறது. யார்டு முதலாளி ஹாஜி பொறுத்துத்தான் பார்த்தார். இடம் வேண்டும் என்று கடைசியில் உன் பெண்டாட்டி பரமுவிடம் சொல்லிவிட்டார். கடல் மட்டம் உயரும் இந்தப் பெரிய ஏற்றத்துக்குப் படகு தண்ணீரில் இறங்கி, தன் சொந்த என்ஜினில் அந்தப் பக்கத்துப் படகுத்துறை ஜெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் உடைத்து எடுத்துவிடுவார்கள். அவள் போனில் அழுதாள். “உடைக்கட்டும், விட்டுத் தொலை. நான் வந்து கையெழுத்துப் போட வைக்கிறேன்” என்றேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே.

ஏணி வைத்து ஏறினேன். ஏறிய இடத்தில் சுக்கான் சக்கரம் மாட்டிய தூண். அதன் பக்கத்தில் இரண்டு லிவர். ஒன்று கியருக்கு, மற்றது என்ஜின் வேகத்துக்கு. இரண்டும் துருப்பிடித்து அசையவே இல்லை. என்ஜினை நீ புதுசு மாதிரி வைத்திருக்கிறாய், அதில் குறை இல்லை. லிவரிலிருந்து தூணுக்குள் இறங்கி என்ஜினுக்குப் போகும் கேபிள்கள்தான் இறுகிப் போயிருந்தன. புதுக் கேபிள் இரண்டையும் வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கீழ் அறையில் தொங்கவிட்டு வைத்திருந்தாய்.

“அக்கா, இதுல அவரு கை படாத ஆணி கிடையாது” என்றாள் பரமு. “இத உடைச்சா அவர ரெண்டாவது தடவ எரிக்கிற மாதிரி இருக்கும். நான் லாண்டரி வேலை முடிஞ்சதும் போட் லைசென்ஸுக்குப் படிக்கிறேன் அக்கா. உங்களுக்குச் சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல.”

என்னைக் கண்டால் அவ்வளவு பயமா அவளுக்கு? எட்டு மாதமாக இவள் சாப்பிட்டாளா தூங்கினாளா என்று நான் ஒரு நாள் கேட்டேனா? வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியாதா. “அழுவாத. ரெண்டு கேபிள்தானே? ஃபேக்டரியில முப்பது மெஷின மேய்க்கிறேன், இத மாத்த முடியாதா?” என்றேன்.

தூணின் தலையில் இருந்த திசைகாட்டியைக் கழற்றினோம். உள்ளே சுக்கானின் சங்கிலி, அதற்கு ஒட்டினாற்போல் இரண்டு கேபிள். நான் கீழே போய் கியர் கேபிளை மாட்டியிருந்த ஆணியைக் கழற்றிவிட்டு மேலே வந்து, பிடித்து ஒரே இழு. முழுக் கேபிளும் கையோடு வந்துவிட்டது. ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து பார்க்கிறேன், பரமு முகம் வெளுத்துப் போய் நிற்கிறாள்.

“கயிறு கட்டலையே அக்கா! அவரு எப்பவும் பழசோட வால்ல மொதல்ல கயிறு கட்டிட்டுத்தான் இழுப்பாரு. கயிறு உள்ள நின்னாத்தானே புதுசு அது பின்னாடியே போவும்?”

அதோடு சரி. புதுக் கேபிளை மேலிருந்து விட்டுப் பார்த்தோம். சங்கிலியில் போய் முட்டியது. சங்கிலியோடு உரசினால் சுக்கானே மாட்டிக்கொள்ளும் என்றாள். கம்பி விட்டோம், நட்டு கட்டித் தொங்கவிட்டோம், ஒன்றும் போகவில்லை. சாயங்காலம் உன் படகின் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன். உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு எல்லாரையும் அதட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பரமு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கை நின்றது. “அக்கா, இன்னொரு கேபிள் இன்னும் உள்ளதானே இருக்கு? ஒரு கயிறு போற எடத்துல ரெண்டு போவாதா?”

பார்த்தாயா உன் பெண்டாட்டி மூளையை!

மறுநாள் காலையில் அவள் என்ஜின் இருக்கும் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் நுழைந்து, வேகக் கேபிளைக் கழற்றி அதன் வாலில் இரண்டு நைலான் கயிறு கட்டி டேப் சுற்றினாள். நான் மேலிருந்து இழுத்தேன். இந்த முறை கோழிக்குஞ்சைத் தூக்குவது போல. கேபிளோடு இரண்டு கயிற்றின் நுனியும் மேலே வந்தன, மறுமுனை அவள் கையில். ஒவ்வொன்றிலும் ஒரு புதுக் கேபிளைக் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, கீழே அனுப்பினோம். “இழு!” என்று நான் கத்த, “வருது அக்கா, வருது, ஸ்டாப் லா!” என்று அவள் கத்த, பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு லிவரும் வெண்ணெய் மாதிரி அசைந்தன.

நேற்றுப் பெரிய ஏற்றம். கிரேன் உன் படகை வார்களில் தூக்கித் தண்ணீரில் வைத்தது. குளிர்விக்கக் கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் இந்த என்ஜினைக் கரையில் ஓட்டிப் பார்க்க முடியாதாமே, அதனால் அதுதான் முதல் சோதனை. வாரைக் கழற்றாமலே என்ஜினைப் போட்டோம். உடனே பிடித்துக்கொண்டது. பரமு கியர் லிவரை முன்னால் தள்ளினாள். படகு பின்னால் போய் வாரை இழுத்தது. கிரேன்காரன் ஊளையிட்டான், கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஜி மட்டும் சிரிக்கவில்லை. பின்னால் இன்னும் இரண்டு படகு காத்திருக்கிறது என்று கையைக் காட்டினார். திரும்பக் கரைக்கே தூக்கிவிடச் சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

“செபுலு மினிட், ஹாஜி!” என்று கத்தினேன். பத்தே நிமிடம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “போலே கா, காக்?” என்றார். முடியுமா அக்கா என்று கேட்கிறார், என்னிடம்!

என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்தேன். கியர்ப் பெட்டியின் கைக்கு நடுவில் அச்சு, மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. கேபிளை மேலே மாட்டினால் ஒரு பக்கம் போகும், கீழே மாட்டினால் நேர் எதிர்ப்பக்கம். பழையது எதில் இருந்தது என்று பார்க்காமல் பிடுங்கியவள் நான்தானே. மேல் துளையைச் சுற்றி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நான் மாட்டியிருந்தது கீழ்த் துளையில். கேபிள் ஆணி இரண்டு தடவை நழுவி எண்ணெயில் விழுந்தது. உன்னைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், மாட்டிவிட்டேன்.

மேலே வந்தால் பரமு என்ஜினை மறுபடி போட்டுவிட்டு, லிவரை விட்டு விலகி நிற்கிறாள். “நீங்களே தள்ளுங்க அக்கா” என்றாள்.

தள்ளினேன். வார் முன்பக்கம் விறைத்தது. ஹாஜி கையை ஆட்ட, வாரைக் கழற்றிவிட்டார்கள். பரமு சக்கரத்தைப் பிடித்தாள். உன் படகு தானாக, மெதுவாக, முன்னால் போனது.

உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து ஒரு வார்த்தை என் வாயில் வராமலே இருந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது? அது நேற்று நடுத்தண்ணீரில் தானாக வந்தது. “டேய்! போகுதுடா! டேய், பாருடா!” என்று ஜெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரைக் கூப்பிடுகிறேன் என்று பரமு கேட்கவில்லை. “இன்னும் சத்தமா அக்கா, என்ஜின் சத்தத்துல அவருக்குக் கேக்காது” என்றாள்.

சின்னவனே, ஒரு வாக்குத் தருகிறேன். பரமுவை இனித் தனியாக விடமாட்டேன். அவள் லைசென்ஸ் பரீட்சைக்கு நானே கூடப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். தீபாவளி லீவுக்கு இருவரும் பாய் ஏற்றப் போகிறோம். எனக்கு நீந்தத் தெரியாது, கடல் என்றாலே பயம். இருந்தாலும் ஏறுவேன், அவள் பக்கத்தில்தான் உட்காருவேன்.

உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன,
உன் அக்கா சரோஜா