கடைசி வரிசையில் கலைமதி

14-7-2025
இன்று மூன்று முறை கத்தினேன். மூன்றும் கலைமதியிடம்தான். பெற்ற மகளே இண்டூர் பள்ளியில் என் வகுப்புக்கு வந்து சேர்ந்தது என் தலையெழுத்து. இங்கே அம்மா கிடையாது, டீச்சர்தான் என்று ஜூனிலேயே சொல்லிவிட்டேன். உட்கார வைத்ததும் கடைசி வரிசையில். டீச்சர் புள்ளைக்குச் சலுகை என்று ஒருத்தர் வாய் பேசிவிடக் கூடாதே! அவளோ வாயைப் பிளந்துகொண்டு சன்னலைப் பார்க்கிறாள். "வாய மூடுடி!" மூடினாள். பத்து நொடிகூட ஆகவில்லை, திரும்பத் திறந்துகொண்டாள்.

22-7-2025
தூக்கமில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு குறட்டை. ஓசூர் கம்பெனியிலிருந்து போன் செய்த என் வீட்டுக்காரர் மாதுவிடம் சொன்னால், "என்னாட்டமே போல" என்று சிரிக்கிறார். இவருக்குப் பெருமை வேற! காலையில் அவளை எழுப்ப அரை மணி நேரம். படுக்கையும் நனைந்திருந்தது.

7-8-2025
சாப்பிடும்போது பாஞ்சாலி டீச்சர், "தப்பா நெனைக்காதீங்க, புள்ளைக்கு மூளை வளர்ச்சி..." என்று இழுத்தார். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் படிவத்தை நானே எடுத்து நிரப்பினேன். கவனக் குறைவு — ஆம். சொன்னது புரிவதில்லை — ஆம். யாரோடும் சேர்வதில்லை — ஆம். வேறொருத்தி புள்ளையா இருந்தா இவ்ளோ வேகமா டிக் அடிச்சிருப்பேனா?

12-8-2025
அடித்துவிட்டேன்.

21-8-2025
சிறப்பு ஆசிரியர் சசிகலா வந்தார். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, கலைமதிக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் ஒரு முறை. ம்ஹூம்.

"குறட்டை விடுதுங்களா? வாயத் தொறந்துட்டே தூங்குதுங்களா? மொதல்ல காது மூக்கு டாக்டர்ட்ட காட்டுங்க டீச்சர். இந்த பாரத்த அப்பறம் பாத்துக்கலாம்."

2-9-2025
தர்மபுரி. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்கிற சதை வீங்கி, மூச்சு வழியை அடைத்திருக்கிறது. வாய் திறந்திருப்பது அதனால்தான். ராத்திரித் தூக்கம் கெட்டுப் பகலில் மந்தம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லையாம்.

"கவனக் குறைவு தனியாவும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஆபரேஷன் முடிச்சுட்டுப் பாப்பம்மா. கிளாஸ்ல எங்க உக்காருது?"

பாவி நான்! காது கேக்காத புள்ளையக் கடைசில உக்கார வெச்சுட்டு, சொன்னதக் கேக்கலன்னு அடிச்சேனே.

29-9-2025
காலாண்டு விடுமுறை. ஆபரேஷன் முடிந்தது. காதில் இருந்த நீரையும் எடுத்துவிட்டார்கள். மாது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

13-10-2025
முதல் வரிசையில் உட்கார வைத்தேன். யார் என்ன பேசினால் எனக்கென்ன? கழித்தல் கணக்கு இன்னும் தகராறுதான். அந்தப் படிவத்தை டிசம்பரில் மறுபடி பார்க்கலாம் என்று சசிகலா சொல்லியிருக்கிறார்.

கடைசி மணியில் நரிக் கதை சொன்னேன். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, கலைமதி மட்டும் வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"டீச்சர், கத நல்லாருந்துச்சு. இனிமே தெனமும் சொல்லுவீங்களா?"

ஜூனிலிருந்து ஒருநாள் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"சொல்றேன் கண்ணு" என்றேன்.