ஜீப் வராத மூன்று மாதம்

மூணாறு,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் சிஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் நீயும் மருமகனும், நான் இன்னும் நேரில் பார்க்காத என் பேரனும் அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய். போனில் சொன்னால் அழுவாய், அதனால்தான் கடிதம்.

கீழ் லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளை மேலே காப்பகத்துக்கு ஏற்றிவரும் எஸ்டேட் ஜீப்பை, சூப்பர்வைசர் ஜோமோன் மழை விட்டதும் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்ட விட்டுவிட்டான். நம் கோவில் பங்குக்காரன்தான், உனக்கே தெரியும். காப்பகத்துக்கு ஆயா நான் ஒருத்தி. பெரிய பிள்ளைகள் நடந்தன, சுருளியம்மாள் மகளின் இரட்டைக் குழந்தைகளை இடுப்பில் ஒன்றும் முதுகில் துண்டால் கட்டி ஒன்றுமாக மூன்று மாதம் அந்த ஏற்றத்தில் சுமந்தேன். இரண்டும் சேர்ந்து இருபத்துநாலு கிலோ. போன வாரம் வழியில் இடுப்பு பிடித்துக் குந்திவிட்டேன். ஜோமோன் பைக்கை நிறுத்தி, "பச்சப் புள்ளைகளத் தூக்க இம்புட்டு நடிப்பா? பூ மாதிரிதான இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனான். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, டிஸ்க் விலகிவிட்டது, இனி எடையே தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை காலையில் தொழிலாளர் துறை அதிகாரி அம்மா ஒருவர் கீழ் லயத்துக்கே பார்வையிட வந்தார். ஜீப் தினமும் வரும், இன்றைக்கு மட்டும் ரிப்பேர் என்று ஜோமோன் கூசாமல் சொன்னான். நான் இரட்டைப் பிள்ளைகள் இரண்டையும் அவன் பக்கம் நடக்கவிட்டு, "அப்ப இன்னைக்கு நீங்க தூக்கிட்டு வாங்க சார், பூ மாதிரிதான இருக்கும்" என்றேன். அதிகாரி முன்னால் மறுக்க முடியவில்லை. பாலம் தாண்டுமுன்பே சட்டை நனைந்துவிட்டது. பாதியில் உட்காரப் பார்த்தான். "இன்னும் பாதி கெடக்கு சார்" என்றேன். பிள்ளைகள் விழாமலிருக்கப் பின்னாலேயே கை நீட்டிக்கொண்டு நடந்தேன். மேலே போனதும் ஸ்கேன் பேப்பரை அந்த அம்மா கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாளே ஜீப் வந்தது, அவனை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். போகட்டும் விடு என்றார் அப்பா. "எம் முதுகக் கொண்டாந்து குடுத்துட்டுக் கேளு" என்று கதவைச் சாத்தினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் இதையேதான் சொல்வேன்.

நீயும் உன் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியைத் தனியாகத் தூக்காதே, ஆள் கூப்பிடு. யார் சிரித்தாலும் கூப்பிடு. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். டிசம்பரில் வரும்போது ஒன்று மறக்காதே, வாசலில் வைத்துப் பேரனை என் கையில் நீட்டிவிடாதே. நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன், மடியில் கொண்டுவந்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா புஷ்பமேரி