பருத்திக் கூடைக்கு மன்னிப்பு எழுத மாட்டேன்

அன்பு மகன் ரூபஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மருமகள் கிருபாவும் பேத்தி ஆஸ்லினும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். போனில் பேசினால் பாதியில் புகுந்து எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்து விடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது. மிளகாய்ப் பழம் களத்தில் காய்கிறது, இந்த வருடம் நாகலாபுரம் பக்கம் விளைச்சல் பரவாயில்லை. அப்பா மூட்டு வலியை மறைத்துக்கொண்டு தினமும் பருத்திக் காட்டுக்குப் போகிறார், கேட்டால் "எனக்கென்னட்டி, நல்லாத்தான இருக்கேன்" என்கிறார்.

இனி உன் பேச்சுக்கு வருகிறேன். "ரிட்டயர் ஆக ஒரு வருஷந்தான இருக்கு, தாளாளர் கேக்குத மன்னிப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா" என்றாய். எழுதாவிட்டால் சஸ்பெண்ட் என்று அவர் சொன்னதில் நீ பயந்திருக்கிறாய், தெரிகிறது. நடந்ததை முழுதாகக் கேள். என் ஏழாம் வகுப்பில் காளீஸ்வரி என்று ஒரு பிள்ளை. அரைப்பரீட்சைக்குப் பிறகு, வாசிக்க எழுப்பினால் போதும், கை நடுங்கி, மூச்சு வாங்கி, அப்படியே உட்கார்ந்துவிடுவாள். நடிக்கிறாள் என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், பையன்கள் அவளைப் போலவே மூச்சு வாங்கிக் காட்டிச் சிரித்தார்கள். அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் மனநல டாக்டரைப் பார்த்தேன். பயம் ஏறினால் உடம்பு அப்படித்தான் செய்யும், விரட்டாதீர்கள், மெதுவாக மூச்சுவிடப் பழக்குங்கள், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், மறுபடி கூட்டி வாருங்கள் என்றார். கைக்கு வேலை என்றதும் நம் வீட்டுப் பருத்திதான் எனக்குத் தோன்றியது. ஒரு கூடை கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் வைத்தேன். மனசு படபடக்கிற பிள்ளை யாரையும் கேட்காமல் அங்கே போய், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டே மெதுவாக மூச்சு விடலாம், அடங்கியதும் தன் இடத்துக்கு வரலாம். அவளுக்கென்று வைத்த கூடை, சிரித்த பையன்களே ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே மலைப்பாகப் போய்விட்டது.

எந்தப் புண்ணியவானோ அதைப் போட்டோ எடுத்து, டீச்சர் பிள்ளைகளை வைத்துப் பருத்திக் கொட்டை எடுக்கிறாள் என்று பரப்பிவிட்டான். ஒரு காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பக்கம் இது, குழந்தைத் தொழிலாளர் என்ற சொல்லைக் கேட்டதும் தாளாளர் ஆடிப்போய்விட்டார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை, கூடையைத் தூக்கு, தப்பு என்று எழுதிக் கொடு என்கிறார். அத்தனை பேர் எடுத்த பஞ்சும் ஒரு தலையணைக்குக் காணாது, இதில் நான் மில் நடத்துகிறேனாம்!

போன வெள்ளிக்கிழமை அவரே வகுப்புக்கு வந்தார். "யாருலே இங்க மனசு சரியில்லாதவன், எந்தி பாப்போம்" என்று சத்தம் போட்டார். வெட்கப்பட்டு ஒருவரும் எழ மாட்டார்கள், அதோடு என் வாயை அடைத்துவிடலாம் என்ற நினைப்பு. காளீஸ்வரி எழுந்தாள். கை நடுங்கத்தான் செய்தது. "நாந்தான் சார். இப்பம் கொஞ்சம் தேவலை. நீங்க சத்தம் போடயிலதான் வருது" என்றாள். அவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பெருமையில் வந்த கண்ணீர், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சஸ்பெண்ட் செய்தால் செய்யட்டும், காரணம் கேட்கிற அதிகாரியிடம் இதையே சொல்வேன். அப்பாவும் "நீ எழுதாத" என்றுவிட்டார். ஆஸ்லினும் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் மனசு எப்படி இருக்கிறது என்று கேள், பதில் வரும்வரை பொறுமையாக இரு. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு, ஆனால் அந்தக் கடிதப் பேச்சை மட்டும் எடுக்காதே. வாசிக்க எழுப்பினாலே உட்கார்ந்துவிடுகிற பிள்ளை எனக்காக அவர் முன்னால் நின்றாள். என்னைப் போய் உட்காரச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயஷீலா