பாதி ஜெபத்தில் நின்ற லேப்டாப்

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு ஜெனிட்டாவின் ஸ்தோத்திரம். உங்க முட்டிவலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காம போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை வீடியோவுல குடும்ப ஜெபம் பண்ணும்போது பாதியில நான் காணாம போனதுக்குக் கோச்சுக்காதீங்க. என் லேப்டாப்பை ஓட்டுறதுக்கு விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு சிஸ்டம் அதுல இருக்குது. ஆபீஸ் வேலைக்கு லினக்ஸ். அதுலதான் ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சுபோச்சு. நீங்க கண்ணை மூடினு இருந்தீங்க, சத்தம் வரல. அப்பா மனசுக்குள்ள ஜெபம் பண்றாருன்னு நானும் கண்ணை மூடிக்கினேன். சோறு ஆறிப்போச்சு, ஆமென் வரவேயில்ல!

விண்டோஸ்ல போட்டா ஒழுங்கா ஓடுது. அப்போ மெஷின்ல கோளாறு இல்ல, ஸ்க்ரீன்ல படம் காட்டுறதுக்கு லினக்ஸ்ல இருக்கிற டிஸ்ப்ளே டிரைவர்ங்கிற புரோகிராம்லதான்னு புரிஞ்சுது. அதை மாத்திப் போட்டேன், சரியாயிடுச்சு.

நம்ம ஊரு ஆண்டர்சன்பேட்டை மில்லுல மிளகாத்தூள் அரைச்சு அனுப்பச் சொல்லி தம்பிகிட்ட சொல்லுங்க. இங்க கிடைக்கிறதுல காரமே இல்ல.

ஷிப்டுக்கு நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணுப்பா. நீங்க எப்பவும் அம்மா, தம்பி ஃப்ரெடி, அப்புறம் நான்னு பேர் சொல்லித்தானே ஜெபிப்பீங்க? அன்னிக்கு ஃப்ரெடி பேரோட நின்னுபோச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை என் பேர்லருந்து ஆரம்பிங்க.

உங்க பொண்ணு,
ஜெனிட்டா