தேர் நிலைக்கு வரும்வரை

1981, சித்திரை 15, செவ்வாய்

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் கோவிந்தன் மாலை நான்கு மணிக்கு இறந்துவிட்டார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். காலையில் தெற்கு வீதி முனையில் தேர் திரும்பும்போது சக்கரம் அவர்மேல் ஏறியது. அதற்குச் சற்று முன்புதான் எனக்குப் பானகம் கொடுத்து, "நம்ம ஊர்த் திருவிழாவ நல்லா எழுதுங்க சார்" என்றார். அதைப் பத்திரிகைக்கு எழுதத்தான் நானும் வந்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாட்டாமை என்னை ஓரமாக அழைத்தார்.

"அவன் பொண்டாட்டிகிட்ட வெறும் அடிதான்னு சொல்லி ஊர்லயே நிறுத்தி வச்சிருக்கோம். அவ காதுல போட்டுறாதீங்க சார். எழவுச் சத்தம் கேட்டா தேர நகத்தக் கூடாது. நெலைக்கு வந்துரட்டும்."

தண்ணீர்ப் பந்தலில் கோவிந்தனின் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே பேசினார்.

"தெரியுங்க. நாட்டாமை வூட்லேருந்து சோறு குடுத்து வுட்டாங்க. இதுக்கு முன்ன எப்பங்க குடுத்தாங்க?"

கண் கலங்கவில்லை.

"அவராலதான் தேர் நின்னு போச்சுன்னு ஊரு பேசக்கூடாதுங்க. நெலைக்கு வரட்டும், அப்புறம் அழுவுறேன்."

சக்கரத்தை மஞ்சள் நீர் விட்டுக் கழுவிவிட்டார்கள். கோணிப்போன அச்சை ஆசாரிகள் சரிசெய்கிறார்கள். காலையில் மறுபடி வடம் பிடிப்பார்களாம். பிரேதப் பரிசோதனையும் காலையில்தான். உடலை மெதுவாகக் கொண்டுவரச் சொல்லி நாட்டாமை ஆள் அனுப்பியிருக்கிறார்.

தேர் நிலைக்கு வர மதியம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அஞ்சலை அழமாட்டார்.